லிட்ச்ஃபீல்ட் ஆலயம் போய்த் திரும்பிய வரலாறு

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லிட்ச்ஃபீல்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் புல்திடலை நோக்கி, முன்புறம் நான்கு தூண்களும் மேலே உயர்ந்த கோபுரமுமாக, வெள்ளை வண்ணம் பூசிய மர ஆலயம் ஒன்று நிற்கிறது. நியூ இங்கிலாந்து எனப்படும் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைப் பற்றிய நாட்காட்டிகளில் அதன் படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். 1829-இல் எழுந்த அந்தக் கட்டடம் தன் வாழ்நாளில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆலயமாகவே இருக்கவில்லை என்பது படத்தைப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

இந்த ஆலயம் காங்கிரிகேஷனல் சபை என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. அந்தச் சபைக்கு மேலே பேராயர் கிடையாது. போதகரை அழைப்பதும் விடைகொடுத்து அனுப்புவதும், ஆலயத்தைக் கட்டுவதும் இடிப்பதும் அந்தந்த ஊர்ச் சபையார் கூடி எடுக்கும் முடிவுகளே. ஆகவே இந்தச் சபையின் வரலாறு ஒருவகையில் அந்த ஊர் மக்களின் மனம் மாறிய வரலாறுதான்.

1719-இல் ஊர் அமைந்தது. திமோத்தி காலின்ஸ் முதல் போதகரானார். கனெக்டிகட்டில் அப்போது இது அரசின் ஆதரவு பெற்ற சபை. போதகரின் சம்பளத்துக்கு மக்கள் வரி செலுத்தினார்கள். வழிபாடு நடந்த வீட்டிலேயே ஊர்க்கூட்டமும் நடந்தது. குடியிருப்பு பெருகவே, 1762-இல் இரண்டாவது வழிபாட்டு வீடு எழுந்தது.

அந்த இரண்டாவது வீட்டில் வெகுகாலம் கணப்பு இல்லை. பனிக்காலத்திலும் குளிரில் நடுங்கியபடி மணிக்கணக்கில் பிரசங்கம் கேட்பதே பக்திக்கு அழகு என்று முதியவர்கள் கருதினார்கள். 1816-இல் இளைஞர்கள் சிலர் தங்கள் பணத்தில் ஓர் இரும்பு அடுப்பை வாங்கி உள்ளே நிறுத்தியபோது ஊர் இரண்டுபட்டது. முதல் ஞாயிறன்று அடுப்பின் வெப்பம் தாங்கவில்லை என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஓர் அம்மையார் மயங்கியே விட்டார். அன்று வெயில் அடித்ததால் அடுப்பில் நெருப்பே மூட்டவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. எதிர்ப்பு அத்தோடு அடங்கிவிட்டதாக ஊர் வரலாறு சொல்கிறது. அதே 1816-இல்தான் இந்தச் சபை மரபில் வந்த அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்கள் என்பதைத் தமிழ் நேயர்களுக்காக இடையில் சொல்லி வைக்கிறேன்.

அப்போது போதகராக இருந்தவர் லைமன் பீச்சர். 1810 முதல் 1826 வரை இங்கே பணியாற்றினார். அடிமை முறைக்கு எதிரான நாவலால் உலகம் அறிந்த அவருடைய மகள் ஹாரியட் 1811-இல் இவ்வூரிலேதான் பிறந்தார். போதகருக்கு ஆண்டுச் சம்பளம் 800 டாலர். அதோடு குளிர்காலத்துக்கான விறகும் சபையாருடைய பொறுப்பு. குறித்த ஒரு நாளில் விவசாயிகள் பனிச்சறுக்கு வண்டிகளில் விறகு ஏற்றிக்கொண்டு போதகர் வீட்டு முற்றத்தில் வந்து இறக்குவார்கள். அவர்களுக்குக் கொடுக்கவென்று வீட்டார் நாட்கணக்கில் பணியாரங்கள் சுட்டு வைப்பார்கள். சபைக்கும் போதகருக்கும் இருந்த உறவை எந்தப் பதிவேட்டையும்விட இந்த விறகு நாள் எனக்கு நன்றாக விளக்குகிறது.

1818-இல் புதிய மாநில அரசியலமைப்பு வந்து வரி ஆதரவு நின்றபோது பீச்சர் மனமுடைந்து போனார். சபை இனி மக்கள் மனமுவந்து தருவதைக் கொண்டே வாழவேண்டும் என்ற நிலை அவரை அச்சுறுத்தியது. ஆனால் கனெக்டிகட்டுக்கு நேர்ந்தவற்றுள் மிக நல்லது அதுவே என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். மதுப்பழக்கத்துக்கு எதிராக அவர் இங்கே ஆற்றிய ஆறு பிரசங்கங்கள் அச்சேறி நாடெங்கும் பரவின. சம்பளம் போதாமல் பெரிய குடும்பத்தோடு தவித்தவர், 1826-இல் பாஸ்டன் சென்றுவிட்டார்.

மூன்று ஆண்டுகளில் இன்றைய ஆலயம் எழுந்தது. ஆனால் 1873 வாக்கில் அதன் வடிவம் பழசாகிப்போனது என்று மக்களுக்குத் தோன்றியது. கோபுரத்தை எடுத்துவிட்டு, கட்டடத்தைத் திடலிலிருந்து அப்பால் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் கோத்திக் பாணியில் புதிய ஆலயம் ஒன்றைக் கட்டினார்கள். பழைய ஆலயம் பொதுக்கூடமாயிற்று. பின்னர் திரைப்படமும் காட்டினார்கள். பிறகு பழமையின் மேல் மோகம் பிறந்தது. 1929-இல் கோத்திக் ஆலயத்தை அகற்றிவிட்டுப் பழையதைத் திரும்பக் கொண்டுவந்து, கோபுரத்தைப் புதிதாக எழுப்பிச் செப்பனிட்டார்கள்.

இந்த மீட்பைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் முழு மகிழ்ச்சி இல்லை. 1873-இல் தாத்தாமார் கட்டியது அழகற்றதாகத் தெரிந்ததைப் போலவே, 1929-இல் தந்தையர் கட்டியதும் அழகற்றதாகத் தெரிந்திருக்கிறது. அரை நூற்றாண்டுக் காலத் திருமணங்களையும் ஞானஸ்நானங்களையும் அடக்க ஆராதனைகளையும் கண்ட அந்தக் கோத்திக் ஆலயத்தைப் பழைய புகைப்படங்களில்தான் இன்று பார்க்க முடியும்.

1957-இல் காங்கிரிகேஷனல் சபைகளில் பெரும்பாலானவை வேறொரு மரபினரோடு இணைந்து ஐக்கிய கிறிஸ்து சபையாயின. லிட்ச்ஃபீல்ட் சபையும் அதில் சேர்ந்தது. தன் போதகரைத் தானே அழைக்கும் உரிமையை அது இன்றும் கைவிடவில்லை.

நன்றி, வணக்கம்.