சுருக்குப்பைத் தவளை: ஐந்து லட்சம் ஆண்டுகள் கழித்து டிட்டிகாக்கா

வணக்கம். பக்கத்து வீட்டில் டிரில்லிங் வேலை நடக்கிறது, சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கையில் இருக்கும் இந்தக் களிமண் உருண்டையைப் பாருங்கள். தவளை என்று சொன்னால்தான் தெரியும். ஐந்து லட்சம் ஆண்டுகள் கழித்து டிட்டிகாக்கா ஏரியில் எப்படி ஒரு தவளை இருக்கும் என்று நான் கற்பனை செய்த பொம்மை இது. இது மூன்றாவது முயற்சி. முதல் பொம்மைக்கு முதுகில் முள், நெற்றியில் விளக்கு என்று எல்லாம் வைத்தேன், அப்புறம் பிசைந்து போட்டுவிட்டேன். எதிர்கால விலங்கு என்றதுமே நம் கை எதையாவது ஒட்டத்தான் போகிறது. தனித்துக் கிடக்கும் ஏரியோ பெரும்பாலும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போகும்.

இதன் கொள்ளுப்பாட்டி இன்றைக்கும் இருக்கிறது. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே, 3,812 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிகாக்கா ஏரித் தவளை. 1876-இல் டெல்மட்டோபியஸ் குலேயஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயரும் உண்டு, குழந்தைகளும் பார்ப்பதால் அதைச் சொல்லவில்லை. உடம்பைவிட இரண்டு அளவு பெரிய சட்டை போட்டதுபோல் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை ஞாபகம் வந்தது, அதையே என் பொம்மைக்குப் பெயராக வைத்துவிட்டேன்.

அந்தத் தோல்தான் அதற்கு மூச்சு. அந்த உயரத்தில் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். நுரையீரல் சுருங்கிப்போய்விட்டது. ஆக்சிஜன் போதாவிட்டால் ஏரியின் அடியில் நின்று தண்டால் எடுக்கும். இதோ, இப்படி மேலும் கீழும். மடிப்புகள் அலையும்போது புதுத் தண்ணீர் தோலில் படும்.

சரி, இனி என் கற்பனை. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஏரியின் மட்டம் இன்றையதைவிடப் பல பத்து மீட்டர் கீழே இருந்தது. இப்போதும் வந்து சேரும் நீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகவே போகிறது. மிச்சம் கொஞ்சம் தெசாகுவாதெரோ ஆறு வழியாக வெளியேறுகிறது. மழை குறைந்து மட்டம் மறுபடி இறங்கினால் அந்த ஆறும் நின்றுவிடும். வெளியே போக வழியில்லாத உப்பு ஏரியிலேயே தங்கிச் சேரும்.

இங்கேதான் சிக்கல். மூச்சுவிடத் தோல் மெல்லிசாக இருக்க வேண்டும். மெல்லிய தோலை உப்புத் தண்ணீரில் வைத்தால், ஊறுகாய் மாங்காய் மாதிரி உடம்பு நீரை விட்டுச் சுண்டிப்போகும். இரண்டு நாள் இதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டேன். விடை தென்கிழக்கு ஆசியாவின் அலையாத்திக் காடுகளில் கிடைத்தது. அங்கே நண்டு தின்னும் தவளை ஒன்று இருக்கிறது. சிறுநீரில் போக வேண்டிய கழிவான யூரியாவை வெளியே விடாமல் ரத்தத்தில் சேர்த்துவைத்து, அதனால் உடம்பு நீரை இழக்காமல் உவர்நீரில் பிழைக்கிறது. என் தவளைக்கும் அதே வித்தைதான். ஆனால் யூரியா செய்ய நைட்ரஜன் வேண்டும், அதற்குப் புரதம் வேண்டும். குளிர்ந்த ஏரியில் நத்தையும் சிறு மீனும் அளவாகத்தான் கிடைக்கும். அதனால் கால்களை மெலிய வைத்துவிட்டேன். இது துரத்தாது. கிடந்த இடத்தில் கிடந்து, வாய்க்கு நேராக வருவதை விழுங்கும்.

நுரையீரலை முழுசாகவே எடுத்துவிட்டேன், இதில்தான் எனக்குக் கொஞ்சம் பயம். தவளைக்கு உறவான, வால் உள்ள சாலமாண்டர்களில் நுரையீரலே இல்லாதவை நிறைய உண்டு. தவளையில் அப்படி ஒன்று போர்னியோவில் இருப்பதாக 2008-இல் அறிவித்தார்கள். ஸ்கேன் செய்து பார்த்தபோது அதற்கும் குட்டியாக நுரையீரல் இருப்பது 2024-இல் தெரிந்தது. ஆக, என்னுடையதுதான் முதலாவது!

ஆக்சலாட்டில் என்ற மெக்சிகோ சாலமாண்டர் மாதிரி செவுளோடேயே வளர விடலாமே என்று கேட்பீர்கள். தலைப்பிரட்டையாகவே இருந்து இனப்பெருக்கம் செய்யும் தவளை இனம் இதுவரை ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கம் போக எனக்குத் துணிச்சல் இல்லை.

இதெல்லாம் கொள்ளுப்பாட்டி பிழைத்திருந்தால்தான். 2016-இல் பெருவின் கோவாட்டா ஆற்றில் பத்தாயிரம் தவளைகள்வரை செத்துக் கிடந்தன. லிமா சந்தைகளில் இதை மிக்ஸியில் அடித்து ஜூஸாகவும் குடிக்கிறார்கள்.

ஐயோ, பேசிக்கொண்டே கவனிக்கவில்லை, இடுப்பு மடிப்பு காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது பாருங்கள். ஈரத்துணி சுற்றி வைக்கிறேன். அடுத்த வீடியோவில் தலைப்பிரட்டை செய்வோம்.