வெள்ளைக்காரன் நட்ட மரமா அது?

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பாட்டு, ட்ரோன் எதுவும் கிடையாது, நேராகப் பேசிவிடுகிறேன். நேற்று இலங்கை மலைநாட்டின் உச்சியில் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளியில் கேட்ட ஒரு பேச்சில் இன்னும் எரிச்சலாக இருக்கிறேன். வழிகாட்டி ஒருவர் சிவப்பாகப் பூத்திருந்த ரொடடென்ட்ரான் மரத்தைக் காட்டி, "தேயிலை மாதிரி இதுவும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டது" என்கிறார். தேயிலை சரி, யூகலிப்டஸ் சரி. இந்த மரத்தையுமா அவன் கணக்கில் எழுதுவது?

இதே மரம் இமயமலையில் இருக்கிறது, நீலகிரியில் இருக்கிறது, அப்புறம் நம் மலையில். நடுவில் உள்ள சூடான தாழ்நிலத்தில் ஒன்றுகூட இல்லை. தாவரவியலாளர்கள் இதற்குப் பழைய பனியுகங்களைக் காரணம் காட்டுகிறார்கள். குளிர் கீழே இறங்கியபோது குளிர்விரும்பிச் செடிகளும் இறங்கிப் பரவின. சுமார் 20,000 வருஷத்துக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது, பாக்கு நீரிணை வெறும் தரை. சூடு திரும்பியதும் செடிகள் உச்சிகளுக்கு ஏறி அங்கேயே மாட்டிக்கொண்டன. தனித்தனியாக மாட்டிக்கொண்டால் தனித்தனியாகத்தான் மாறும். நீலகிரி மரம் ஒரு துணையினம், அதாவது அதே இனத்தின் ஒரு கிளை; நம்முடையது ஸெய்லானிக்கம் என்று வேறொன்று.

ஐயோ, வேன் வாடகையைச் சொல்லவே இல்லையே! நுவரெலியாவிலிருந்து போய்வர 13,000 ரூபாய் கேட்டார்கள். அதில் 2,000 காத்திருப்புக் கூலியாம். வண்டி சும்மா நிற்பதற்கு எதற்குக் கூலி? விடிவதற்கு முன் அந்தக் குளிரில் நின்று பேசிப் பேசி 9,500க்குக் கொண்டுவந்தேன். நீங்களும் முதல் விலைக்குத் தலையாட்டாதீர்கள். அங்கே எல்லாரும் ஓடும் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கு நான் போவதில்லை. மூடுபனியைப் பார்க்க அவ்வளவு தள்ளுமுள்ளு எனக்குப் பிடிக்காது.

சரி, முக்கியமானது. அதே ஹோர்ட்டன் சமவெளியில், பத்தனை எனப்படும் மலைப் புல்வெளிக்கு நடுவே ஈரப் பள்ளங்களில் தேங்கிய கரிமண்ணை, அதாவது மட்கிய செடிகளால் ஆன மண்ணை, துளைத்தெடுத்து, அதில் அடுக்கடுக்காகக் கிடந்த மகரந்தத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். எந்தக் காலத்தில் என்ன செடி வளர்ந்தது என்று அது சொல்லிவிடும். 24,000 வருஷத்துக்கு மேற்பட்ட பதிவு! பனியுகத்தில் பருவமழை வலுவிழந்து அந்த மேடே வறண்டு கிடந்திருக்கிறது. மழை திரும்பிய பிறகுதான் காடு பெருகியது. நாம் ரசிக்கும் அந்த மேகக்காடு, மழை வந்தும் போயும் செதுக்கிய காடு.

எனக்குக் கவலை என்னவென்றால், இப்போதும் சூடு ஏறுகிறது. முன்பு மேலே ஏறித் தப்பிய செடிகளுக்கு இனி ஏற இடமில்லை. நம் நாட்டின் மிக உயர்ந்த இடமான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான்.