தைராய்டை எடுத்த பிறகு ‘புற்றுநோய் இல்லை’ என்று முடிவு வந்தால் வழக்குப் போட முடியுமா?

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு சகோதரர் அனுப்பியது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கிப் படிக்கிறேன்.

“என் மனைவிக்குக் கழுத்தில் ஒரு சிறு கட்டி வந்தது. தனியார் ஆய்வகத்தில் ஊசி போட்டுப் பரிசோதனை செய்தோம். ரிப்போர்ட்டைப் பார்த்த அறுவை சிகிச்சை மருத்துவர், தைராய்டு புற்றுநோய், உடனே எடுத்தாக வேண்டும் என்றார். பயத்தில் கையெழுத்துப் போட்டோம். சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த பயாப்சி முடிவில் புற்றுநோய் இல்லை. இப்போது வாழ்நாள் முழுக்க மாத்திரை. கேட்டால், ‘புற்றுநோய் இல்லையென்று சந்தோஷப்படுங்கள்’ என்கிறார்கள். ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. நகல் கேட்டால் இன்று வா, நாளை வா என்று அலைக்கழிக்கிறார்கள். வழக்குப் போட முடியுமா? கையெழுத்துப் போட்டது எங்களுக்கு எதிராக நிற்குமா?”

சகோதரரே, முதலில் காலக்கெடுவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு நாள் குறைவு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 69-ன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாள் எது? அறுவை சிகிச்சை நடந்த நாளா, புற்றுநோய் இல்லை என்ற முடிவு உங்கள் கைக்கு வந்த நாளா? பாதிப்பு வெளியே தெரிய வந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அறுவை சிகிச்சை நாளிலிருந்தே எண்ணுங்கள். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, அதற்குத் தகுந்த காரணத்தைக் காட்ட வேண்டும். மருத்துவமனை பேச்சுவார்த்தை என்று இழுத்தடித்தது தகுந்த காரணமாக ஏற்கப்படும் என்று எந்த உறுதியும் இல்லை.

அடுத்தது ஆவணங்கள். வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால், காவல் நிலையத்துக்கு முன்னால், இதுதான் வேலை. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள், உள்நோயாளியின் மருத்துவப் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்க மறுப்பதே தொழில்முறை ஒழுங்கீனம் என்று அதே விதிகள் சொல்கின்றன. நீங்கள் கவுன்டரில் நின்று வாயால் கேட்டீர்கள், அவர்களும் வாயால் மறுத்தார்கள். இனி எழுத்தில் கேளுங்கள். உங்கள் மனைவி கையெழுத்திட்ட கடிதம், உள்நோயாளி எண், சிகிச்சை நடந்த தேதிகள் எல்லாம் அதில் இருக்கட்டும். விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகலை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு தாளை வாங்கிக்கொண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. ஒப்புதல் படிவம், அறுவை சிகிச்சைக் குறிப்பு, செவிலியர் குறிப்புகள், இரண்டு ஆய்வு முடிவுகள், பில்கள் எல்லாம் வேண்டும். இன்னொன்று பெரும்பாலோருக்குத் தெரியாது. ஊசியில் எடுத்த செல்களைத் தடவிய கண்ணாடிச் சில்லுகள், எடுத்த சுரப்பியின் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகள் ஆகியவை ஆய்வகத்தில் இருக்கும். மறு ஆய்வுக்காக அவற்றைக் கேளுங்கள். வேறொரு நோய்க்குறியியல் நிபுணர் அதே சில்லை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் கருத்துதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பாக இருக்கக்கூடும். ஆய்வகங்கள் இவற்றைக் காலம் முழுக்க வைத்திருப்பதில்லை. அதனால் இந்தக் கடிதமும் இன்றே போகட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘புற்றுநோய் என்றார்கள், இல்லை, ஆகவே தவறு’ என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆணையம் அப்படிப் பார்க்காது. அந்த முதல் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தது என்றுதான் பார்க்கும். நீங்கள் அனுப்பிய விவரத்தில் அது மட்டும் இல்லை.

தைராய்டு ஊசிப் பரிசோதனை முடிவைப் பெத்தெஸ்டா என்ற முறையில் ஆறு வகையாகப் பிரித்து எழுதுவார்கள். முதல் வகை என்றால் மாதிரி போதவில்லை. இரண்டு என்றால் சாதாரணக் கட்டி. மூன்று, தெளிவில்லாத மாற்றம். நான்கு, ஃபாலிகுலர் கட்டி, அதாவது சுரப்பியின் நுண்ணறைச் செல்களிலிருந்து வளரும் கட்டி, அல்லது அந்தச் சந்தேகம். ஐந்து, புற்றுநோய்ச் சந்தேகம். ஆறு, புற்றுநோய்.

உங்கள் மனைவியின் ரிப்போர்ட்டில் இரண்டு என்று இருந்து, அதைப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று சொல்லிச் சுரப்பியை எடுத்திருந்தால், ஆய்வகத்தின் மேல் பிழையில்லை, அந்த ரிப்போர்ட்டைப் படித்த மருத்துவர் பதில் சொல்ல வேண்டும். ஆறு என்று இருந்து, மறு ஆய்வில் அதே சில்லில் புற்றுநோய்ச் செல்லே இல்லை என்று தெரிந்தால், அல்லது அது வேறொருவருடைய மாதிரி என்று தெரிந்தால், ஆய்வகம் பதில் சொல்ல வேண்டும். நான்கு என்று இருந்தால் நிலைமை வேறு. அந்த வகைக் கட்டி புற்றுநோயா இல்லையா என்பது, அதைச் சுற்றியுள்ள உறையை அது துளைத்து வெளியேறியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஊசியில் செல்கள்தான் வரும், உறை வராது. வெளியே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அங்கே பிறகு புற்றுநோய் இல்லை என்று முடிவு வருவது அலட்சியத்துக்கு ஆதாரமாகாது. ஆனாலும் உங்களுக்குக் கேள்வி மிச்சமிருக்கிறது: நான்காம் வகைக்குப் பல சமயம் பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்துப் பார்ப்பது வழக்கம், இங்கே முழுவதையும் எடுத்தது ஏன்? இரண்டு பக்கமும் கட்டி இருந்ததா? அதைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்களா? ‘சந்தேகம்’ என்று தாளில் இருந்ததை ‘புற்றுநோய்’ என்று உங்களிடம் சொன்னார்களா?

கையெழுத்து விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒப்புதல் என்றால் நோயின் தன்மை, செய்யப்போகும் சிகிச்சை, அதன் ஆபத்து, மாற்று வழி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் போதுமான அளவு சொல்லி வாங்கிய ஒப்புதலாக இருக்க வேண்டும். அந்த வழக்கில் உள்ளே பார்த்துப் பரிசோதிக்கத்தான் அந்தப் பெண் ஒப்புதல் கொடுத்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். ஆகவே கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தவறான தகவலைச் சொல்லி வாங்கிய கையெழுத்து அலட்சியத்துக்குக் கவசமாகாது. ‘சந்தோஷப்படுங்கள்’ என்று சொன்னார்களே, அதைக் கேட்டு எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பெண் ஆயுள் முழுக்கத் தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கப் போகிறார். ஏன் என்று கேட்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது.

நிபுணர் சாட்சி இல்லாமல் வழக்கு நிற்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஐதராபாத்திலிருந்து வந்த வி. கிஷன் ராவ் வழக்கைச் சொல்கிறேன், 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மலேரியா துறையில் அதிகாரி. மனைவிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், குளிர். மருத்துவமனையில் டைஃபாய்டுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கவில்லை. மனைவி இறந்துபோனார். எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை, அலட்சியம் வெளிப்படையாகத் தெரிந்தால் தேவையில்லை என்று சொல்லி, மாவட்ட நுகர்வோர் மன்றம் கொடுத்த இரண்டு லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது உச்ச நீதிமன்றம். உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டாம் வகை என்று இருந்தால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும். நான்கோ ஐந்தோ என்றால், நிபுணர் கருத்து இல்லாமல் போகாதீர்கள்.

ஆய்வகத்தையும் மருத்துவமனையையும் மருத்துவரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்குங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் பழியை அவர் மேல் போட்டுவிட்டு நழுவுவார். ஆய்வக ரிப்போர்ட்டின் கீழே யார் கையெழுத்து என்று பாருங்கள். நோய்க்குறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற, பதிவுபெற்ற மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டும் என்ற மருத்துவக் கவுன்சிலின் நிலைப்பாட்டை 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. செல்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஒரு ரிப்போர்ட்டில் டெக்னீஷியன் கையெழுத்து மட்டும் இருந்தால், அதைப் புகாரில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ‘சட்ட நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அந்த வரியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் இருக்கும் கவனக் கடமையை ஒரு வரி அச்சடித்துக் கழற்றிவிட முடியாது.

புகாரை ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். மருத்துவமனை கோவையில் இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் இடத்தில் தாக்கல் செய்ய 2019 சட்டம் இடம் கொடுக்கிறது. நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். அந்தத் தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், ஆனால் மருத்துவ வழக்கில் அனுபவமுள்ள ஒருவரை வைத்துக்கொள்வதே நல்லது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வருடக்கணக்கில் போகும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் சிகிச்சை எடுத்தவர்கள், நாங்கள் பணம் கட்டவில்லையே என்று ஒதுங்க வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் கொடுத்த பணமும் கட்டணம்தான் என்று 1995-ல் சாந்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இந்தச் சட்டத்துக்குள் வரும், 2007-ல் தீர்ப்பு இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை கொடுக்கும் அரசு மருத்துவமனை வராது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் சிவில் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போக வேண்டும்.

போலீஸில் புகார் கொடுக்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்றது. இன்னொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தை வாங்காமல் போலீஸ் மேலே போக முடியாது. உங்கள் விஷயத்தில் அந்த வழியில் நேரத்தைச் செலவிடச் சொல்ல மாட்டேன். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குத் தனியாக ஒரு புகார் அனுப்பலாம். அங்கே இழப்பீடு கிடைக்காது, ஆனால் மருத்துவரை எச்சரிக்கவும் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. நகல் தர மறுத்ததையும் அதிலேயே எழுதுங்கள்.

முதல் ரிப்போர்ட் கைக்கு வந்ததும், அதில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதை எனக்கு அனுப்புங்கள். மனைவியின் பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.