டிராகனை விடுங்க, இந்த ஆரஞ்சு விரலைப் பாருங்க!

[திரையில்: இருபது முகப் பகடை. அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.]

இந்தக் கைரேகைக்குச் சொந்தக்காரரைப் பிடிக்க போலீஸ் வேண்டாம். டேபிள்ல சீட்டோஸ் பாக்கெட்டைப் பிரிச்சது யாருன்னு கேட்டா போதும். போன மாசம், ஆட்டத்துல என் பாத்திரத்தோட விவரமெல்லாம் எழுதின கேரக்டர் ஷீட்ல, சரியா ஹிட் பாயின்ட், அதாவது அந்தப் பாத்திரத்துக்கு உயிர் எவ்வளவு மிச்சம்னு எழுதின கட்டத்துல ஒருத்தர் கையை வெச்சுட்டார். அது 13ஆ 18ஆன்னு இன்னிக்கு வரைக்கும் தகராறு. 18தான். நான் சொல்றேன்.

வணக்கம் மக்களே! டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டேபிளைச் சுத்தி உக்காந்து பகடை உருட்டி ஆடற கதை விளையாட்டு. 1974. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் உருவாக்கினது. வெளிவந்தது அமெரிக்காவுல, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாங்கற சின்ன ஊர்ல. டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டிஎம்னு ஒருத்தர் கதையை நடத்துவார், மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா அதுக்குள்ள இறங்கிடுவாங்க. வரலாறு ஓவர். சாப்பாட்டுக்கு வருவோம்.

ஒரு தடவை உக்காந்தா மூணு நாலு மணி நேரம் போயிடும், பசிக்காதா? அமெரிக்காவுல இந்த ஆட்டம்னாலே சீட்டோஸ் மாதிரி சீஸ் தூவின சோளப் பொரி, அதாவது சீஸ் பஃபும், மவுண்டன் டியூங்கற குளிர்பானமும்தான். மவுண்டன் டியூங்கறது அங்க கள்ளச்சாராயத்துக்கு இருந்த பட்டப்பேரு. சரி, அடுத்து.

சீஸ் பஃப் கதைக்காகத்தாங்க இந்த வீடியோவே! 1930கள்ல, பெலாய்ட்ங்கற ஊர்ல ஃப்ளேக்கால்னு ஒரு கம்பெனி. கால்நடைத் தீவனம் தயாரிக்கற மெஷின் அவங்களோடது. மெஷின் அடைச்சுக்காம இருக்க நடுநடுவுல ஈர மக்காச்சோளத்தைக் கொட்டுவாங்க. உள்ள கடுமையான சூடு, அழுத்தம். முறுக்கு நாழியை அடுப்பு மேலயே வெச்சுப் பிழியற மாதிரி நெனச்சுக்கங்க. துளை வழியா வெளிய வந்த நொடி, உள்ள இருந்த ஈரம் ஆவியாகி, புஸ்ஸுனு பொரி மாதிரி உப்பி, வால் வாலா வந்து விழுந்துச்சு. எட்வர்ட் வில்சன்னு அங்க வேலை பார்த்தவர் அதை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோய் மசாலா போட்டுத் தின்னு பார்த்தார். மாட்டுக்கு அரைக்கப் போய் மனுஷனுக்கு நொறுக்குத்தீனி! நம்ம குர்குரேவும் இந்த வம்சத்து மெஷின்ல வர்றதுதான்.

இப்ப மேப்பைப் பாருங்க.

[திரையில்: விஸ்கான்சின் தெற்கு மூலை. இரண்டு புள்ளிகள்.]

பெலாய்ட்டும் விஸ்கான்சின்தான்! அங்கேர்ந்து லேக் ஜெனீவாவுக்கு கார்ல சுமார் ஒரு மணி நேரம். ஆட்டமும் தீனியும் பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பிள்ளைங்க. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் சம்பந்தமில்ல, தற்செயல்தான். இருந்தாலும் எனக்குப் புல்லரிச்சுது. உங்களுக்கும்னா ஒரு லைக்.

அந்த ஆரஞ்சுத் தூளுக்குப் பேரே வெச்சுட்டாங்க தெரியுமா? 2020ல சீட்டோஸ் கம்பெனியே அறிவிச்சுது: 'சீட்டில்'. என் ஷீட்ல இருக்கறதும் அதுதான்.

டேபிளுக்குன்னு சில பழக்கங்களும் உண்டு. பல குழுக்கள்ல பீட்சா வாங்கினா டிஎம் காசு போட வேண்டாம், அவர் வாரம் பூரா கதை தயார் பண்றவராச்சே. சிலர் தீனி கொண்டு வர்றவங்களுக்கு ஒரு தடவை பகடையை மறுபடி உருட்ட விடுவாங்க. இது லஞ்சம்தான், நான் ஆதரிக்கறேன். ஆட்டத்துக்குள்ளயே ஒரு விருந்து மந்திரம் இருக்கு: 12 பேர் ஒரு மணி நேரம் உக்காந்து சாப்பிடலாம், எழுந்தா பயமே கிட்ட வராது. ஆனா ஒவ்வொரு தடவையும் ஆயிரம் பொற்காசு மதிப்புள்ள ரத்தினக் கிண்ணம் ஒண்ணு காலி. நம்ம ஊர் கேட்டரிங் எவ்வளவோ தேவலை.

சரி, விரல் பிரச்சனை? சிலர் சாப்ஸ்டிக்ல சிப்ஸ் எடுக்கறாங்க. சிரிக்காதீங்க, கை சுத்தமா இருக்கும். எங்க டேபிள்ல வேற சட்டம் போட்டோம்: வலது கை பகடைக்கு, இடது கை தீனிக்கு. முதல் நாளே டீ கொண்டு வந்த அம்மா பார்த்துட்டாங்க. "இடது கையில சாப்பிடறியா? எழுந்திரு!" டிராகன் எதிர்ல நிக்குது, நான் கை கழுவப் போயிட்டேன்.

திரும்பி வந்து, வலது கையில சீட்டோஸ், இடது கையில பகடை. உருட்டினேன். 1.