லிஸ்ட்ல இல்லாத பிள்ளை

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். எல்லாருக்கும் நல்லதா ஒரு உலகம் நடக்கிற காரியமா, அதப் பத்தி கொஞ்ச நேரம் பேசுங்கம்மான்னு நிலையத்துல இருந்து கேட்டாங்க. நான் கிராம சுகாதார செவிலியரா வேலை பார்த்து ரிட்டையர் ஆனவ. தோள்ல ஐஸ் பெட்டிய மாட்டிக்கிட்டு தெருத்தெருவா நடந்த எனக்கு இதுக்கு பதில் சொல்லணும்னா போலியோவ வச்சுத்தான் சொல்லத் தெரியும்.

எங்க அண்ணனுக்கு ரெண்டு வயசுல, 1962-ல, மூணு நாளா காய்ச்சல் விடல. எங்கம்மா தூக்கிட்டு ஓடிப்போய் இடுப்புல ஒரு ஊசி போட்டு கூட்டிட்டு வந்திருக்காங்க. மறுநாள் காலையில நிக்க வச்சா வலது கால் ஈரத்துணி மாதிரி மடங்கிருச்சாம். இளம்பிள்ளை வாதம். நாந்தானே ஊசி போட தூக்கிட்டுப் போனேன், அந்த ஊசிதான் கால வாங்கிருச்சுன்னு அம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்க, நாங்க எல்லாரும் அப்படியெல்லாம் இல்லம்மா, அது கிருமிம்மான்னு சமாதானம் சொல்வோம். அப்புறம் நான் வேலைக்கு வந்து டிரெய்னிங்ல உக்காந்திருக்கேன், டாக்டர் சொல்றாரு, போலியோ கிருமி உடம்புல இருக்கிற நேரம் சதையில ஊசி போட்டா அந்தக் கால்லயே வாதம் இறங்குறதுக்கு வாய்ப்பு அதிகம்னு. எனக்கு கை காலெல்லாம் ஆடிப்போச்சு. எங்கம்மா சொன்னதுல பாதி உண்மை இருந்திருக்கு. கடைசி வரைக்கும் அவங்ககிட்ட நான் அத சொல்லவே இல்லை.

இந்த நோயோட குணம் ஒண்ணு இருக்கு, அத சொன்னாத்தான் மீதி புரியும். கிருமி தொத்தின எல்லாருக்கும் கால் போகாது, இருநூறு பேருக்கு தொத்துனா சுமார் ஒருத்தருக்குத்தான் போகும், மத்தவங்க நல்லா ஓடியாடிக்கிட்டு கிருமிய மட்டும் கொல்லைப்புறத்துல விட்டுட்டுப் போவாங்க, அது தண்ணியில கலந்து அடுத்த பிள்ளை வாய்க்குள்ள போகும். அப்ப ஒரு ஊர்ல ஒரு கால் விழுந்துச்சுன்னா அந்த ஊரு பூரா கிருமி சுத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பணக்காரன் வீடு, படிச்சவன் வீடு, கேட் போட்ட வீடுன்னு அதுக்கு வித்தியாசம் கிடையாது. எம்பிள்ளைக்கு சொட்டு மருந்து கொடுத்தாச்சு நான் சேஃப்னு உக்காந்துட்டா நோய் அந்த ஊர விட்டுப் போகவே போகாது.

வேலூர் சிஎம்சியில ஜேக்கப் ஜான்னு ஒரு டாக்டர், வெளிநாட்டுல மூணு தடவை கொடுத்தா போதுங்கிற சொட்டு மருந்து நம்ம ஊர் பிள்ளைங்களுக்கு போதலன்னு 1970-கள்லயே ஆராய்ச்சி பண்ணி சொன்னவரு. ஒரே நாள்ல ஊர்ல இருக்கிற பிள்ளைங்க எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்கிற முறைய வேலூர்ல செஞ்சும் பாத்தாங்க. அதே முறை பல்ஸ் போலியோங்கிற பேர்ல நாடு முழுக்க 1995 டிசம்பர்லதான் வந்துச்சு. இடையில எத்தனை வருஷம் பாருங்க, அந்த வருஷங்கள்ல விழுந்த கால்கள நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

ஆனா வந்ததுக்கு அப்புறம் விடல. உத்தரப்பிரதேசத்துலயும் பீகார்லயும்தான் ரொம்ப கஷ்டம், நெருக்கமான வீடு, சாக்கடை, பிள்ளைங்களுக்கு ஓயாம வயித்துப்போக்கு, மருந்து உடம்புல பிடிக்கவே இல்லை. இது குடும்பக் கட்டுப்பாட்டு மருந்துன்னு வேற ஒரு வதந்தி, கதவ சாத்திக்கிட்டாங்க. அவங்கள திட்டி என்ன ஆகப்போகுது, ரோடு கிடையாது, தண்ணி கிடையாது, எதுக்கும் எட்டிப் பாக்காத கவர்மென்ட் இந்த ரெண்டு சொட்டுக்கு மட்டும் மாசாமாசம் கதவ தட்டுனா சந்தேகம் வராதா? அந்தந்த தெருவுல இருக்கிற பொம்பளைங்களையே பேச வச்சாங்க, பள்ளிவாசல்ல இமாம்கள் எடுத்துச் சொன்னாங்க. கோசி ஆத்து வெள்ளத்துல போட்ல போய் கொடுத்தாங்க, ஓடுற ரயில்ல ஏறிக் கொடுத்தாங்க. 2009-ல நம்ம நாட்டுல 741 பிள்ளைங்களுக்கு போலியோ, உலகத்துலயே கிட்டத்தட்ட பாதி நம்மகிட்டதான். 2010-ல 42. 2011 ஜனவரியில மேற்கு வங்காளம் ஹவுரா பக்கம் ஒரு பெண் குழந்தை, அதோட நின்னுபோச்சு. 2014 மார்ச் 27-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் நம்மகிட்ட போலியோ இல்லைன்னு சர்டிஃபிகேட் கொடுத்தாங்க, அன்னைக்கு டிவியில பாத்துட்டு நானும் அண்ணனும் ஒண்ணும் பேசிக்கல, அண்ணன் கால தடவிக்கிட்டே உக்காந்திருந்தாரு.

அதனால முடியுமான்னு கேட்டா முடியும்னுதான் சொல்வேன், என் கண்ணால பாத்தேன். முடிஞ்சுபோச்சான்னு கேட்டா இல்லை. பாகிஸ்தான்லயும் ஆப்கானிஸ்தான்லயும் இன்னும் இருக்கு, அங்க சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள சுட்டே கொன்னிருக்காங்க, என்னை மாதிரி பெட்டிய மாட்டிக்கிட்டு போனவங்கதான் அவங்களும். இங்க எங்க அண்ணன் விஷயத்தையே எடுத்துக்கோங்க. ஒரு சர்டிஃபிகேட்டுக்காக ஒரு ஆபீஸுக்கு கூட்டிட்டுப் போனேன், மாடியில இருக்கு, லிஃப்ட் இல்லை, சாய்வுப் பாதை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லயே வந்தாச்சு. அறுபது வயசு தாண்டின மனுஷன் கேலிப்பர்னு சொல்ற இரும்புப் பட்டை போட்ட கால கையால தூக்கித் தூக்கி ஒவ்வொரு படியா வச்சு ஏறுனாரு. அவர மாதிரி லட்சக்கணக்கான பேரு நம்மகூட இருக்காங்க, நோய் போனதுல அவங்கள மறந்துட்டோம்.

நான் சொல்ல வந்தது இந்த 'எல்லாருக்கும்'ங்கிற வார்த்தையப் பத்தித்தான். மேடையில சொல்றது சுலபம், லிஸ்ட் போட்டு தேடிப்போனாத்தான் அது எவ்வளவு கனமான வார்த்தைன்னு தெரியும். திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைங்க நெறைய, ஒடிசாவுல இருந்து குடும்பம் குடும்பமா வந்து வேலை செய்வாங்க. பூத்ல ஞாயித்துக்கிழமை முடிச்சுட்டு திங்கள், செவ்வாய் வீடு வீடா போவோம். ஒரு சூளையில ஒரு பையன் மட்டும் விட்டுப்போச்சு, ரெண்டு தடவை போயும் குடிசை பூட்டியே கெடந்துச்சு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூணாவது தடவை போறேன், கால் வலி, இருட்டப் போகுது, கூட வந்த ஆயாம்மா நாளைக்குப் பாத்துக்கலாம் சிஸ்டர்ங்கிறாங்க. அம்மாக்காரி மண்ணு மிதிச்ச காலோட அப்பத்தான் வர்றா, பையன் இடுப்புல. வாயில ரெண்டு சொட்டு விட்டு இடது கை சுண்டு விரல்ல மையும் வச்சாச்சு. கிளம்புறேன், அவ என் கைய பிடிச்சு இழுக்கிறா, அவ பேசுறது எனக்குப் புரியல, பின்னாடியே போறேன். காயப்போட்ட பச்சக்கல் வரிசைக்கு அந்தப் பக்கம் ஒரு சேலைத் தூளி, உள்ள பொறந்து பத்து நாள் கூட ஆகாத பச்சப்புள்ள, வேற யாரோ ஒருத்தியோடது, என் லிஸ்ட்ல அந்தப் பிள்ளையே இல்லை. பெட்டியத் திறந்தா ஐஸ் கரைஞ்சு தண்ணியாக் கெடக்கு. குப்பி லேபிள்ல ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு சதுரம் இருக்கும், சூடு பட்டா அந்தச் சதுரம் கறுத்துக்கிட்டே வரும், வட்டத்தோட நெறத்துக்கு வந்துட்டா மருந்து வேஸ்ட். சூளை நெருப்பு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், சதுரம் இன்னும் வெளுப்பாதான் இருந்துச்சு. அவ தூளிய விலக்கிப் பிடிச்சா, நான் குனிஞ்சு ரெண்டு சொட்டு விட்டேன்.