முதலில் தரை, அப்புறம்தான் சறுக்கு

(காரைக்குடியில் குடியிருப்போர் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்களுக்கும், பின்வரிசையில் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம். நடுவில் பிள்ளை அழுதால் யாரும் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டாம். இன்றைக்குப் பேச்சே அந்தப் பிள்ளைகள் விளையாடும் பூங்காவைப் பற்றித்தான்.

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஊரைச் சுற்றி மனைப்பிரிவுகள் பெருகுகின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆக, பூங்காவுக்கு நிலம் வருகிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் என் கவலை. நிலம் வந்ததும் கம்பெனிக்காரர் வண்ணப் படம் போட்ட பட்டியலோடு வருகிறார். யானைத் தும்பிக்கைச் சறுக்கு, வாத்து ஊஞ்சல், கோட்டை மாதிரி ஏணி. நாமும் மயங்கி இதில் ஒன்று, அதில் ஒன்று என்று எடுக்கிறோம். பணம் அங்கேயே கரைந்துபோகிறது. மிச்சம் இருப்பதற்குத் தரையில் பேவர் பிளாக். திறப்பு விழாப் படத்தில் சறுக்குதானே விழும், தரையா விழும்?

செட்டிநாட்டில் வீடு கட்டியவர்கள் முகப்பை எழுப்பிவிட்டு வானம் (அடித்தளக் குழி) தோண்டியதில்லை. பூங்காவில் மட்டும் நாம் அப்படிச் செய்கிறோம். முதலில் தரை, பிறகு நிழல், பிறகு வேலி, கடைசியில்தான் சறுக்கும் ஊஞ்சலும். இந்த வரிசையில் பணத்தை ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளை விழும். விழுந்து விழுந்துதான் உடம்பை ஆளக் கற்றுக்கொள்கிறது. அந்த வயதில் உடம்புக்குத் தலை பெரிது, கனமும் அங்கேதான். விழும்போது கையை ஊன்றத் தெரிவதற்கு முன்பே தலை தரையைத் தொட்டுவிடும். விளையாட்டிடங்களில் ஏற்படும் காயங்களில் பெரும்பங்கு விழுவதால் வருவதுதான். ஏறாதே, ஓடாதே என்று பிள்ளையைக் கட்டிப்போடச் சொல்லவில்லை. உயரம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். பயந்தால் தானே இறங்கிவிடும். ஆனால் தரை எவ்வளவு கெட்டி, தகடு எவ்வளவு சூடு, கம்பி இடைவெளி தலையைப் பிடிக்குமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரிகிற ஆபத்து இருக்கட்டும். தெரியாத ஆபத்தை எடுப்பது நம் வேலை.

நம்முடைய தரையை எடுத்துக்கொள்வோம். இது செம்பூராங்கல் பூமி. சித்திரையில் கடப்பாரை போட்டால் துள்ளும். வெறும் மண்தானே, மெத்தென்று இருக்கும் என்ற நினைப்பு இங்கே செல்லாது. பேவர் பிளாக் அதைவிட மோசம். சிமெண்ட் தளத்தின்மேல் விரிக்கும் பச்சைச் செயற்கைப் புல் கண்ணுக்குத்தான் மெத்தை. ஆத்தங்குடிக் கல் பதித்தால் நம் ஊர்ப் பெருமையாக இருக்குமே என்று ஒரு நண்பர் ஆசையோடு சொன்னார். பதிக்கலாம், பெரியவர்கள் உட்காரும் திண்ணையில். ஊஞ்சலுக்கு அடியில் வேண்டாம்.

அப்படியென்றால் என்ன போடுவது? அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. 9 அங்குல ஆழத்துக்கு மணல் இருந்தால் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். அதே ஆழத்துக்கு மரச் சிராய் என்றால் 7 அடி வரை தாங்கும். பரப்பிய மணல் நாளடைவில் அமுங்கும் என்பதால் முதலில் 12 அங்குலம் போட வேண்டும். எம்-சாண்ட் மலிவு என்று யாராவது சொல்வார்கள். அது உடைத்த கல், முனை முனையாக இருக்கும். தூளும் சேர்ந்தால் இறுகிப்போகும். கட்டடத்துக்கு நல்லது, பிள்ளைக்கு ஆகாது. உருண்டையான, கழுவிய மணல்தான் வேண்டும். விலை கூடுதல் என்றால் சறுக்கு ஒன்றைக் குறையுங்கள்.

இந்தக் கணக்கை ஊஞ்சலுக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். ஊஞ்சலில் விழும் உயரத்தைப் பலகையிலிருந்து அளப்பதில்லை, சங்கிலி தொங்கும் மேல்கம்பியிலிருந்து அளக்கிறார்கள். கம்பி 7 அடியில் இருந்தால் 9 அங்குல மணல் போதாது. அங்கே மரச் சிராய்தான். நம் ஊரில் கரையான் வரும், மட்கும், வருஷா வருஷம் புதிதாகக் கொட்ட வேண்டும். அந்தச் செலவுக்கு வழி இல்லையென்றால் ஊஞ்சலே வேண்டாம். 4 அடிக்குள் ஒரு சிறு சறுக்கும், மணல் குழியும் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாராளம். ஊஞ்சல் வைத்தே தீருவீர்கள் என்றால் ஓரமாக வையுங்கள். கம்பியின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு முன்னாலும் இரண்டு மடங்கு பின்னாலும் காலியாக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளை ஊஞ்சல் வருவதைப் பார்த்து ஒதுங்காது, நேராக அதன் பாதையில்தான் நடக்கும்.

குழி தோண்டும்போது வடிகாலை மறக்காதீர்கள். கெட்டித் தரையில் தோண்டிய குழி ஐப்பசியில் தொட்டி ஆகிவிடும். அடியில் சரளை, அதற்கு மேல் மண் இறங்காத துணி, ஒரு பக்கம் சாய்வு, அந்தச் சாய்விலிருந்து ஒரு குழாய். கூரையில் விழுந்த மழையை வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) பிடித்து, தெருவில் விழுந்ததை வாட்டம் பார்த்து ஊருணியில் சேர்த்தவர்கள் நம் முன்னோர். இந்தச் சின்னக் குழிக்கு வாட்டம் பார்ப்பது நமக்குப் பெரிய காரியமா?

இனி வெயில். சறுக்கை வடக்கு நோக்கி வையுங்கள், தகடு சூடாகாது என்று வெளிநாட்டுக் கையேடுகளில் இருக்கும். அதை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. நாம் இருப்பது 10 டிகிரி அட்சரேகையில். சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி பாதிவரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் மே மாதத்தில் வடக்கு பார்த்த சறுக்கின் மேல்தான் வெயில் நேராக அடிக்கும். நமக்கு ஒரே வழி நிழல். சின்னப் பிள்ளை சுட்டதும் சட்டென்று எழுந்துவிடாது, அதே இடத்தில் உட்கார்ந்து அழும். தகட்டில் மட்டுமல்ல, வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக்கிலும் ரப்பர் தரையிலும் இதே கதைதான்.

வேம்பு, புங்கை, பூவரசு வையுங்கள். மரம் வளரும்வரை மேலே துணிப்பந்தல். தென்னை வேண்டாம், காயும் மட்டையும் விழும். முருங்கையில் கிளை முறியும், கம்பளிப்பூச்சி வேறு. அரளியை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள். ஆடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது என்று பூங்காக்காரர்களுக்கு அது செல்லச் செடி. ஆடு ஏன் கடிக்கவில்லை என்று யோசித்தால் போதும். மஞ்சள் அரளிக் கொட்டை கொடிய விஷம். வேலியோரக் குன்றிமணியும் காட்டாமணக்கும் அதே வகை. சிவப்பு மணியைக் கண்டால் பிள்ளை வாயில்தான் போடும்.

நம் ஊர்களில் பூங்கா பெரும்பாலும் ஊருணிக் கரையில் அமைகிறது. காற்று வரும், நடக்க இதமாக இருக்கும், எல்லாம் சரி. ஆனால் உலக அளவில் நீரில் மூழ்கிச் சாவது ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளில்தான் அதிகம். சத்தம் போட்டு அழைக்கவும் அந்த வயதில் முடியாது. ஆகவே சின்னப் பிள்ளைகளின் இடத்துக்குத் தனி வேலி, 4 அடி உயரம், செங்குத்துக் கம்பி. குறுக்குக் கம்பி வைத்தால் அதுவே ஏணி. தானே சாத்திக்கொள்ளும் கதவு, கொக்கி மேலே. கதவு ஊருணிப் பக்கமும் திறக்கக் கூடாது, பைக் நிறுத்தும் பக்கமும் கூடாது. இதே வேலி தெருநாயையும் பூனையையும் மணலிலிருந்து தள்ளி வைக்கும். அவற்றின் கழிவிலிருந்து குடற்புழு பரவும். இரவில் மணலை வலையால் மூடிவிட்டுப் போவது நல்லது.

கம்பி இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டறையில் செய்துவரும் கைப்பிடிகளில் அதிகம் தவறுவது இங்கேதான். இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 9 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் பிள்ளையின் கால் நுழையும், இடுப்பு நுழையும், தலை நுழையாது. கழுத்து மாட்டித் தொங்கிவிடும். சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. ஸ்கேலால் அளந்து பாருங்கள். மூன்றரைக்கு மேல் என்றால் பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் கால்பந்தைத் தள்ளிப் பாருங்கள். அதன் விட்டம் 9 அங்குலத்துக்குக் கால் முதல் அரை அங்குலம் வரை குறைவு. பந்து புகாவிட்டால் அந்தக் கைப்பிடியைத் திருப்பி அனுப்புங்கள். ஆச்சிமார்களுக்கும் ஒரு வார்த்தை: கழுத்தில் கட்டிய தாயத்துக் கயிறு, நீளமாகத் தொங்கும் அரைஞாண் இரண்டையும் கழற்றிவிட்டுச் சறுக்கில் ஏற்றுங்கள். துருத்திக்கொண்டிருக்கும் ஒரு போல்ட் போதும், கயிறு மாட்டிக்கொள்ள.

பெரிய பிள்ளைகளுக்கு வேறு இடம் வேண்டும், ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரத்தில். மகனும் மருமகளும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, மூன்று வயதும் எட்டு வயதும் ஒரே ஆயாவின் பொறுப்பில் வருகின்றன. அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி இரண்டையும் பார்க்க வேண்டும். அவருக்குச் சாய்மானமும் கைப்பிடியும் உள்ள இருக்கை போடுங்கள். முழங்கால் வலிக்காரர் கைப்பிடி இல்லாத பெஞ்சிலிருந்து அவசரத்துக்கு எழ முடியாது. திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் வேலிக்கு வெளியே போகட்டும். அவற்றின் மூட்டில் பிஞ்சு விரல் எளிதாக நசுங்கும்.

பேச்சை நிறுத்துவதற்குள் முன்வரிசையில் ஒரு ஐயா கேட்டுவிட்டார்: எங்கள் பூங்காவில் ஏற்கெனவே பேவர் பிளாக் போட்டாயிற்றே, என்ன செய்ய? எல்லாவற்றையும் இடிக்க வேண்டாம், ஐயா. சறுக்கைச் சுற்றி 6 அடி அளவுக்குக் கல்லைப் பெயர்த்து, ஓர் அடிக்கு மேல் தோண்டி, வடிகால் வைத்து மணல் போடுங்கள். பெயர்த்த கல் நடைபாதைக்கு ஆகும். வாரம் ஒரு நாள் மணலைக் கிளறி, அளவுகோல் நட்டு ஆழம் பார்த்து நோட்டில் எழுத ஒருவரை நியமியுங்கள். சறுக்கு இறங்கும் இடத்தில்தான் மணல் முதலில் குறையும். ஊஞ்சலுக்கு மரச் சிராய் வரும்வரை சங்கிலியைக் கழற்றிப் பூங்கா அலுவலகத்தில் வைத்துப் பூட்டுங்கள்.