வளவில் கிடக்கும் ரவுண்ட்ஸ்

வணக்கம் நேயர்களே. மாரி மழை விட்டதும் வன்னியில் வளவு துப்புரவாக்கத் தொடங்கிவிடுவோம். மண்வெட்டி போடுகிற இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்த ரவுண்ட்ஸ், அதாவது துப்பாக்கித் தோட்டா ஒன்று மேலே வரும். மிதிவெடி என்றால் எல்லோரும் விலகி நிற்கிறோம். இதை மட்டும் கையில் எடுத்துப் பார்க்கிறோம், பித்தளை என்று பழைய இரும்போடு சேர்த்தும் வைக்கிறோம். அது வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கட்டையாக இருப்பது பெரும்பாலும் பிஸ்டல் ரவுண்ட்ஸ். 9 மில்லிமீற்றர் பரபெல்லம் என்ற வகை என்றால் முழு நீளமே 3 சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஏகே துப்பாக்கியின் ரவுண்ட்ஸ் கிட்டத்தட்ட இருமடங்கு நீளம். முன்னால் சன்னம், சுட்டால் பறந்து போகிற பகுதி, 7.5 முதல் 8 கிராம். பின்னால் பித்தளைக் கோது, அதற்குள் வெடிமருந்து. கோதின் அடித்தட்டில், நடுவில், 9 மில்லிமீற்றர் ரவுண்ட்ஸில் நாலரை மில்லிமீற்றர் அகலத்தில், ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதுதான் கேப். முழு ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

கேப்புக்குள் இருப்பது அடி பட்டாலே வெடிக்கிற மருந்து. பெரும்பாலானவற்றில் ஈய ஸ்டிஃப்னேற் என்ற இரசாயனம். அது தண்ணீரில் கரையாது. நனைந்தாலும் காய்ந்ததும் பழையபடி வேலை செய்யும். வயலில் யூரியாவிலிருந்து வரும் அமோனியா பித்தளையில் வெடிப்பு விழச் செய்யும், அதற்குள்ளால் தண்ணீர் போய் உள்மருந்து கெட்டும் போகலாம். ஆனாலும் கேப்பை நம்பக்கூடாது. திரும்பச் சொல்கிறேன்: மருந்து கெட்டாலும் கேப்பை நம்பக்கூடாது.

கேப்பின் நடுவில் குழி விழுந்திருந்தால் சுட்டு முடிந்தது என்பார்கள். வெறும் கோதுக்கு அது பொருந்தும். சன்னமும் இருந்து குழியும் இருந்தால், துப்பாக்கியின் ஊசி கேப்பில் அடித்தும் வெடிக்காமல் நின்ற ரவுண்ட்ஸ் அது. சன்னம் இல்லை, குழியும் இல்லை என்றால் யாரோ சன்னத்தைக் கழற்றியிருக்கிறார்கள். கேப் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிள்ளைகள் ஆணி வைத்துத் தட்டுவது இதைத்தான்.

அடுத்தது நெருப்பு. குப்பையோடு எரிந்தால் ரவுண்ட்ஸ் வெடிக்கும். குழல் இல்லாததால் சன்னம் வேகமாகப் போகாது, உண்மைதான். ஆனால் பிஸ்டல் ரவுண்ட்ஸில் கோது சன்னத்தைவிடப் பாரம் குறைந்தது. கிழிந்த பித்தளையும் கேப்பும்தான் பறக்கும். கண்ணைப் பறிக்க அது போதும். வளவில் குப்பை கொளுத்துவதற்கு முன் அடிமண்ணைப் பாருங்கள், பழைய பங்கர், அதாவது பதுங்குகுழி மண் என்றால் அங்கே கொளுத்தவே வேண்டாம்.

நேரம் நெருங்கிவிட்டது, வளவில் பிஸ்டல் கிடந்தால் என்ன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய ரகப் பிஸ்டலில் மகசின், அதாவது ரவுண்ட்ஸ் அடுக்கும் பெட்டி, கைப்பிடிக்குள் இருக்கும். பிரௌனிங் ஹை பவரில் 13 ரவுண்ட்ஸ், குளொக் 17இல் 17. ஒன்று சுட்டதும் மேற்பகுதி பின்னால் போய்க் கோதை எறிந்து, அடுத்ததைத் தானே குழலுக்குள் ஏற்றிவிடும். ஆகவே மகசினைக் கழற்றினாலும் குழலுக்குள் ஒன்று இருக்கலாம். அந்த ஒன்று குழலுக்குள்ளிருந்து வெடித்தால் சன்னம் செக்கனுக்கு 350 மீற்றர் அளவில் போகும். துருப்பிடித்த பிஸ்டலில், ஊசியை அடிக்கிற சுத்தியலைத் துரு மட்டுமே பிடித்து வைத்திருக்கவும் கூடும். இழுத்துப் பார்க்க வேண்டாம், தட்டிப் பார்க்க வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் தடி ஒன்றை நட்டு, பிள்ளைகளை விலக்கி, கிராம சேவையாளருக்கோ 119இல் பொலிசுக்கோ அறிவியுங்கள். வணக்கம்.